கோழி அடைந்த பிறகு கேட்கும் மூச்சு

கோழிக்குச் சளி என்று யாராவது அழைத்தால், கூடுமானவரை பொழுது சாய்ந்த பிறகே போவேன். பகலில் கோழி தன் நோயை மறைத்துக்கொள்ளும். ஆள் வந்ததும் தலையை நிமிர்த்தி, எதுவும் இல்லாததுபோல் கிளறத் தொடங்கிவிடும். எல்லாம் அடைந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டருகே ஐந்து நிமிடம் நின்றால் உண்மை காதில் விழும். ஈரம் கலந்த ஒரு கரகரப்பு, இடையிடையே சின்னத் தும்மல். எந்த மூலையில், எத்தனை கோழியிடம் என்பதுகூடப் புரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் வருவதற்கு முன், கால்நடை மருத்துவராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அம்மாவின் 14 கோழிகளைப் பார்க்கப் போனேன். கண்ணோரத்தில் சோப்பு நுரைபோலக் குமிழி, கண்ணுக்குக் கீழே வீக்கம். மூச்சுப் பாதையைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா என்று கணித்தேன், பரிசோதனையும் அதையே சொன்னது. தண்ணீரில் டைலோசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கலந்து கொடுக்கச் சொன்னேன். ஐந்தாம் நாள் சத்தமே இல்லை. "குணமாயிடுச்சும்மா" என்றேன். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கும் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதத்துக்குள் அவரே கூப்பிட்டார். நல்லாகிவிட்டதே என்று இரண்டு பெட்டைகளைத் தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். அங்கே இருந்த கோழிகள் அத்தனையும் இரைக்கத் தொடங்கி, இளம் கோழிகள் மூன்று செத்தும் போயின. "நீங்க குணமாயிடுச்சுன்னுதானே சொன்னீங்க டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படித்த பாடம்தான். அந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலின் வகை மருந்து அதைத் தொடாது. டைலோசினும் டெட்ராசைக்ளினும் அடக்கும், ஆனால் அடியோடு ஒழிக்காது. ஒருமுறை தொற்றிய கோழி பெரும்பாலும் ஆயுள் முழுக்க அதைச் சுமக்கும். குளிர், இறகு உதிர்வு, புதிதாக வந்த ஒரு கோழி என்று எது உடம்பை அலைக்கழித்தாலும் மூச்சு மறுபடி கரகரக்கும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். தேர்வில் எழுதியதை அந்த முற்றத்தில் சொல்லாமல் விட்டேன். நல்ல செய்தியை முழுதாகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

எல்லாச் சளியும் மைக்கோபிளாஸ்மா அல்ல. முகம் வீங்கி, மூக்கொழுகலில் துர்நாற்றம் வீசினால் கொரைசா என்ற இன்னொரு பாக்டீரியா நோயை நினைப்பேன். ஒன்றிரண்டு நாளில் மொத்தக் கூட்டமும் தும்மி, முட்டை ஓட்டில் சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் மூச்சுக்குழாயைத் தாக்கும் பிராங்கைட்டிஸ் வைரஸ். கழுத்து முறுக்கல், பச்சைக் கழிச்சல், அடுத்தடுத்துச் சாவு என்றால் அது வீட்டு வைத்தியத்துக்கான இடமே அல்ல. ராணிக்கெட் என்ற கொடிய வைரஸ் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். யாரையும் கிட்டே விடாமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்கச் சொல்வேன்.

மருந்துக்கு முன் நான் பார்ப்பது காற்றைத்தான். கோழி அடையும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுப்பேன். எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா என் மூக்கில் குத்தினால், இரவெல்லாம் அதிலேயே உட்கார்ந்திருக்கும் கோழியின் நிலை என்ன? மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளி வெளியேற்றும் நுண்மயிர்களை அந்த வாயு கெடுத்துவிடும். பிறகு எந்தக் கிருமிக்கும் கதவு திறந்ததுதான். பாவம் குளிருமே என்று சாக்கால் இண்டு இடுக்கெல்லாம் அடைத்துவிடுகிறார்கள். பாசத்தில் செய்வது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. தலைக்கு மேலே திறப்பு இருக்கட்டும், உடம்பில் நேராகக் காற்று அடிக்காமல் இருந்தால் போதும் என்று சொல்லி, கூட நின்று சாக்கை அவிழ்த்துவிட்டு வருவேன்.

அந்த அம்மாவிடம் மறுபடி போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோழிகள் அத்தனையையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், இல்லையென்றால் இந்தக் கூட்டத்தை மூடிய கூட்டமாக வைத்துக்கொள்ளலாம்: ஒன்றும் உள்ளே வராது, ஒன்றும் வெளியே போகாது, அடை வைப்பதும் இல்லை. அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். கோழிக்கொட்டகைக்கென்று தனிச் செருப்பு வைத்தார். தங்கை வீட்டுக்குப் போகுமுன் குளித்து உடை மாற்றினார். நான்கு வருடத்துக்குமேல் ஆனது. கடைசிப் பெட்டை போன பிறகு கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு, சில வாரம் வெறுமையாகப் போட்டுவைத்தார். பிறகுதான் குஞ்சு வாங்கலாமா என்று என்னைக் கேட்டார். குஞ்சுகள் வந்த அன்று இரவு நானும் போயிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டு இருவரும் பேசாமல் நின்று கேட்டோம்.