சொந்த பாஸ்போர்ட்டில் ஜெனீவா போன தலைவர்

டெஸ்காஹே பற்றிப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கனடாவின் கிராண்ட் ரிவர் பகுதியில் வாழும் ‘சிக்ஸ் நேஷன்ஸ்’ (ஆறு தேசங்களின் கூட்டமைப்பு) என்ற பூர்வகுடி மக்களின் தலைவர்களில் ஒருவர் அவர். 1923-இல் தன் மக்களே வழங்கிய பாஸ்போர்ட்டில் ஜெனீவா போய், நாங்களும் ஒரு தனி நாடுதான் என்று உலக நாடுகள் சங்கத்திடம் (ஐ.நா.வுக்கு முந்தைய லீக் ஆஃப் நேஷன்ஸ்) முறையிட முயன்றார். அயர்லாந்து, பாரசீகம் போன்ற நாடுகள் ஆதரித்தன. பிரிட்டன் பேசவே விடவில்லை.

அவர் ஐரோப்பாவில் இருக்கும்போதே, 1924-இல், கனடா அவர்களது பாரம்பரிய சபையைக் கலைத்துவிட்டுத் தேர்தலைத் திணித்தது. எனக்குப் பெருங்கோபம் வந்தது இங்கேதான். அதுவரை தலைவர்களைத் தேர்ந்தெடுத்ததும் நீக்கியதும் குலத்தாய்மார்கள், அதாவது ஒவ்வொரு குலத்துக்கும் தலைமை தாங்கும் பெண்கள். புதிய தேர்தலில் பெண்களுக்கு ஓட்டே கிடையாது! அப்புறம் அது கிடைத்தது 1951-இல்தான்.

டெஸ்காஹே 1925-இல் இறந்துபோனார். 2010-இலும் அதே மாதிரி சொந்த பாஸ்போர்ட்டோடு லாக்ராஸ் (வலைக்கோலால் பந்தாடும் விளையாட்டு) உலகப் போட்டிக்குப் புறப்பட்ட அவர்கள் அணியை பிரிட்டன் உள்ளே விடவில்லை.