ஒரு கிராம் பொட்டலம்

ஓசூர் பக்கம் ஒரு பேக்கிங் யூனிட்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தபோது, ஹோட்டல்களுக்குப் போகும் சாக்கரின் இனிப்புப் பொடியை 1 கிராம் சாஷேக்களில் அடைக்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய் என்று எல்லாவற்றையும் அடைத்துப் பழகிய கைகள்தான். ஆனாலும் இந்தப் பொடி முதல் வாரமே எங்களை அழவைத்துவிட்டது.

சாக்கரின் சர்க்கரையைவிடச் சுமார் 300 மடங்கு இனிப்பானது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 8 கிராம் தரும் இனிப்புக்கு 27 மில்லிகிராம் சாக்கரின் போதும். அதைக் கிள்ளி எடுத்துக் காபியில் போட யாராலும் முடியாது. அதனால் டெக்ஸ்ட்ரோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையோடு கலந்து கைக்குப் பிடிபடும் அளவுக்குப் பெருக்க வேண்டும். கலவை ஒரே சீராக இல்லை என்றால் ஒரு பொட்டலம் சப்பென்று இருக்கும், அடுத்தது நாக்கில் கசக்கும். ஈரக்காற்று பட்டால் பொடி கட்டிதட்டும். பறக்கும் தூள் சீல் விழும் இடத்தில் ஒட்டிக்கொண்டால் பொட்டலம் வாய் பிளக்கும். அரை மணிக்கொருமுறை எடை பார்த்து, தண்ணீரில் அமுக்கிக் கசிவு பார்த்து, மூட்டை மூட்டையாக ஒதுக்கினோம்.

இந்தப் பொடியை முதன்முதலில் பொட்டலத்தில் அடைத்தவர் யார் என்று அப்போதுதான் தேடிப் படித்தேன். அது 'ஸ்வீட் அண்ட் லோ' என்ற பிங்க் நிறப் பொட்டலத்தில் கொண்டுபோய் விட்டது. அதைத் தொடங்கியவர் பென் ஐசன்ஸ்டாட். நியூயார்க்கின் புரூக்ளினில், கடற்படையின் கப்பல் கட்டும் தளத்துக்கு எதிரே உணவகம் வைத்திருந்தவர். இரண்டாம் உலகப்போர் நடந்தவரை கூட்டம் அலைமோதியது. போர் முடிந்ததும் கப்பல் தளத் தொழிலாளர்கள் குறைந்தார்கள், கடையும் காற்று வாங்கியது. உடனே அந்த இடத்தைத் தேயிலைப் பைகள் அடைக்கும் யூனிட்டாக மாற்றினார்.

சர்க்கரையைச் சின்னப் பொட்டலத்தில் அடைக்கும் யோசனை அதன்பிறகு வந்ததுதான். உணவக மேசைகளில் இருக்கும் சர்க்கரை டப்பாக்கள் கட்டிதட்டி அடைத்துக்கொள்வது அவருடைய மனைவிக்குப் பிடிக்கவில்லையாம். தேயிலையை அடைக்கிற மெஷினில் சர்க்கரையை ஏன் அடைக்கக் கூடாது? ஐசன்ஸ்டாட் மெஷினை மாற்றியமைத்து, ஒரு பெரிய சர்க்கரை நிறுவனத்திடம் கொண்டுபோய்க் காட்டினார். காப்புரிமை எதுவும் வாங்கியிருக்கவில்லை. அந்த நிறுவனம் யோசனையைப் பார்த்துக்கொண்டது, தானே பொட்டலம் போடத் தொடங்கிவிட்டது.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. காரணம் எங்கள் யூனிட்டிலேயே இருந்தது.

சீல் பிளக்கும் பிரச்சினையைத் தீர்த்தது நானில்லை. எங்கள் மெஷின் ஆபரேட்டர் ஒருவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர், பதினைந்து வருடமாக அதே மெஷினோடு நிற்பவர். "சார், தூள் ரொம்ப உயரத்துல இருந்து விழுது. அதான் பறக்குது. டியூபை ரெண்டு விரக்கடை இறக்குங்க, ஜா மூடுறதைக் கொஞ்சம் தாமதப்படுத்துங்க" என்றார். ஜா என்பது பொட்டலத்தின் வாயை அழுத்தி ஒட்டும் மெஷின் தாடை. செய்தோம். அன்றைய ஷிஃப்டிலேயே கசிவு குறைந்துவிட்டது. மேலே அனுப்பிய அறிக்கையை நான்தான் எழுதினேன். "ஷிஃப்ட் குழுவின் முயற்சியால்" என்று எழுதினேன். பாராட்டுக் கடிதம் என் பெயருக்கு வந்தது. அப்புறம் அவரிடம் போய், "அண்ணே, உங்க பேரைப் போட்டிருக்கணும்" என்றேன். "மெஷின் ஓடுதுல்ல சார், விடுங்க" என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்றைக்கும் பாரமாகத்தான் இருக்கிறது.

சாக்கரினின் பிறப்பிலேயே இந்தப் பெயர்ப் பிரச்சினை இருக்கிறது. 1879இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஐரா ரெம்சன் என்ற பேராசிரியரின் ஆய்வகத்தில் கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க் வேலை செய்துகொண்டிருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கையில் ஒட்டியிருந்தது இனித்தது. கண்டுபிடிப்பை இருவர் பெயரிலும் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆனால் சில ஆண்டுகள் கழித்துக் காப்புரிமை வாங்கியபோது ஃபால்பெர்க் ரெம்சனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ரெம்சனின் கோபம் கடைசிவரை தணியவில்லை. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. பணத்துக்காக மட்டும் வருகிற கோபம் இல்லை அது.

சரி, ஐசன்ஸ்டாட் இரண்டாம் முறை ஏமாறவில்லை. அதுவரை மாத்திரையாகவோ சொட்டு மருந்துபோலவோதான் கிடைத்துவந்த சாக்கரினை, 1957இல் மகன் மார்வினோடு சேர்ந்து சர்க்கரைபோல் கொட்டக்கூடிய பொடியாக்கினார். கசப்பை அமுக்க க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற புளிப்புப் பொடி, கட்டிதட்டாமல் இருக்க கால்சியம் சிலிக்கேட். வெள்ளைச் சர்க்கரைப் பொட்டலங்களுக்கு நடுவே தனியாகத் தெரியட்டும் என்று பிங்க் நிறம். இந்தத் தடவை பெயரையும் பதிவு செய்தார். அமெரிக்க வணிகச் சின்னப் பதிவேட்டில் 10 லட்சமாவது எண் அதற்குத்தான் கிடைத்தது.

1977இல் பெரிய சோதனை வந்தது. கனடாவில் எலிகளுக்கு நிறையச் சாக்கரின் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் கண்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தடை செய்யப் பார்த்தது. சர்க்கரை நோயாளிகளும் உடல் இளைக்க நினைப்பவர்களும் கொதித்தெழ, நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் மட்டும் போதும் என்றது. எலியின் உடலில் நடப்பது மனித உடலில் அப்படியே நடப்பதில்லை என்று தெளிவானபின், 2000இல் அந்த வாசகமும் நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வாசகம் அச்சடித்த உறையைத்தான் அங்குள்ள ஆபரேட்டர்கள் மெஷினில் ஓட்டியிருப்பார்கள்.

நான் அதிகம் நினைப்பது அவர்களைப் பற்றித்தான். 2016இல் புரூக்ளின் ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 300 பேருக்கு வேலை போனது. அவர்களில் எத்தனை பேர் டியூபை இறக்கச் சொல்லியிருப்பார்கள், மழை நாளில் பொடியைக் கையால் தொட்டே ஈரம் சொல்லியிருப்பார்கள்!

இப்போது வேறொரு யூனிட்டில் இருக்கிறேன். ஷிஃப்ட் நோட்டில் "மாற்றம்" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "சொன்னவர்" என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். நேற்று அதில் ஒரு பெயர் ஏறியது. பேக்கிங் மேசையில் வேலை பார்க்கும் பெண், சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அட்டைப்பெட்டியை எந்தப் பக்கமாக அடுக்கினால் பொட்டலம் நசுங்காது என்று சொன்னார்.