வெந்நீர்க் குழாயை நம்பி நான் பட்ட பாடு

கேரவனில் கீசர் வைத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டுகிறது என்பதற்காகக் கீசர் தொட்டி நிறைந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அப்படி நம்பி நான் சுவிட்சைப் போட்டது ஏப்ரலில். அதைச் சரிசெய்து முடித்தது ஆகஸ்டில். நடுவே இரண்டு பயணங்கள் பாழாயின, பணமும் போனது, ஒரு பட்டறைக்காரர் என்னை நிற்கவைத்துப் பேசிய பேச்சு இன்னும் உறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் எங்களுடையது பழைய கேரவன், காரின் பின்னால் இழுத்துச் செல்வது. பத்து லிட்டர் கீசர், தண்ணீரைச் சூடாக்கும் ஒரு கிலோவாட் எலிமென்ட், எரிவாயு இணைப்பு கிடையாது. போன ஆண்டு குளிர்காலத்தில் டிராகன்ஸ்பெர்க் மலையடிவாரத்துக்குப் போயிருந்தபோது, இரவில் தண்ணீர் உறைந்து தொட்டி பிளந்துவிடக் கூடாது என்று கடைசி நாள் காலையில் தொட்டியை வடித்து, பைபாஸ் வால்வைத் திருப்பி வைத்தோம். டர்பனுக்குத் திரும்பியதும் கேரவனை மூடி நிறுத்தியதோடு சரி, வால்வின் நினைவே இல்லை.

இந்த ஆண்டு புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு, மறுநாள் குடும்பத்தோடு தென்கடற்கரைக்குக் கிளம்பினோம். இடத்தில் நிறுத்தி, தண்ணீர் இணைத்து, எல்லோரும் சொல்லும் விதியின்படி வெந்நீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் உடனே வந்தது. கீசரைப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் குளிர்ந்தே இருந்தது. கடற்கரையில் வெயில் நன்றாக இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மே மாதம் ஒரு பட்டறையில் விட்டேன். "சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது, மாற்றிவிட்டோம், எலிமென்ட் நன்றாக இருக்கிறது" என்றார்கள். 1,850 ராண்ட். அங்கேயே வெந்நீர் வருகிறதா என்று நின்று பார்த்திருக்க வேண்டும். பள்ளிவேலை நெருக்கியது, பணத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூலை பள்ளி விடுமுறையில் மறுபடியும் டிராகன்ஸ்பெர்க். இந்த முறை அம்மாவும் உடன் வந்தார். மூய் ரிவர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதே காற்றில் குளிர் ஏறியிருந்தது. முகாமில் நீலப் பிளக்கை மின்இணைப்புக் கம்பத்தில் செருகி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாம் ஓடவிட்டு, கீசர் சுவிட்சைத் தட்டினேன். படார் என்று, மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்து கேரவன் முழுவதும் இருண்டது. மீண்டும் ஏற்றினேன், மீண்டும் விழுந்தது. மூன்றாவது முறை கம்பத்திலிருந்த பிரேக்கரும் சேர்ந்து விழ, காவலாளி டார்ச்சோடு வந்து, இனி ஒரு முறை விழுந்தால் இணைப்பையே நிறுத்திவிடுவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூட்டுவலிக்காரரான என் அம்மா அன்றிரவு முகம்கூடக் கழுவ முடியாமல் போர்வைக்குள் சுருண்டு படுத்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி.

பக்கத்து கேரவனில் ஒரு வயதான ஆஃப்ரிகான்ஸ்காரர் இருந்தார். என் பிள்ளைகள் அவரை ஊம் ஊம் என்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் மாமா மாதிரி. அவரே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் செய்த முதல் காரியம் மிக எளியது, நான் செய்யத் தவறியது. கேரவனில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கீசரைப் போடும்போது மட்டுமே விழுந்தது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலிமென்டின் இரு முனைகளுக்கும் நடுவே அளந்தார். 53 ஓம். மின்னழுத்தமான 230 வோல்ட்டை 230-ஆல் பெருக்கி 1,000 வாட்டால் வகுத்தால் அதேதான் வரும், ஆகவே உள்ளே கம்பி அறுந்துபோகவில்லை. "கம்பி நன்றாக இருக்கிறது, ஆனால் அது தொட்டியின் உடம்போடு ஒட்டுகிறதா என்பதை என் மீட்டர் சொல்லாது. 500 வோல்ட் போட்டு அளக்கிற கருவி வேண்டும்" என்றார். இரண்டு நாள் அடுப்பில் தண்ணீர் காய்ச்சி அம்மாவைக் குளிக்கவைத்துவிட்டு ஊர் திரும்பினோம்.

திரும்பியதும் நேராக அதே பட்டறை. முன்மேசையில் இருந்தவர் பார்க்கவே 650 ராண்ட் வாங்கிக்கொண்டு, மறுநாள் கூப்பிட்டு, முழுக் கீசரையும் மாற்ற வேண்டும், 9,400 ராண்ட் ஆகும் என்றார். எலிமென்ட் மட்டும் மாற்றினால் போதாதா, உடம்புக்கும் முனைக்கும் நடுவே அளந்தீர்களா என்று கேட்டேன். "உங்கள் கணவரை வரச் சொல்லுங்கள், அவரிடம் விளக்குகிறேன்" என்றார். கேரவன் என் பெயரில் இருக்கிறது, மே மாதம் பணம் கட்டியவள் நான், கேள்வி கேட்டவளும் நான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் சித்தப்பா வடகடற்கரையில் ஒரு சர்க்கரை ஆலையில் முப்பது ஆண்டுகள் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரை அழைத்தேன். அந்த 500 வோல்ட் கருவியான இன்சுலேஷன் டெஸ்டரோடு வந்து, எதையும் தொடுவதற்கு முன் கேட்டார்: "கண்ணு, பிளக்கைப் பிடுங்கிவிட்டாய், சரி. இன்வெர்ட்டரை என்ன செய்தாய்?"

இதை நம் நாட்டுக்காரர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பலரையும் போல நாங்களும் கேரவனில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் போட்டோம். வெளிப் பிளக்கைப் பிடுங்கினாலும் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே 230 வோல்ட் இருக்கலாம். இரண்டையும் அணைத்து, முனையில் மின்சாரம் இல்லை என்று அளந்து பார்த்த பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள்.

எலிமென்டிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றினார். கழற்றாமல் அளந்தால் மற்றப் பாகங்களும் சேர்ந்துகொண்டு கணக்கைக் குழப்பும். ஒரு முனைக்கும் தொட்டியின் உடம்புக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்தார். முள் கிட்டத்தட்டத் தரையிலேயே நின்றது, நாலாயிரம் ஓம். நல்ல எலிமென்டில் இது மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். நாலாயிரம் ஓம் என்றால் 230 வோல்ட்டில் ஐம்பது மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்புக்குக் கசிகிறது. நம் எர்த் லீக்கேஜ் முப்பதுக்குள்ளேயே விழ வேண்டியது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எர்த் லீக்கேஜ் கெட்டுப்போயிருக்கும், அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்கலாம் என்று முகாமில் ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். கேட்டிருந்தால் ஈரக் கையோடு குழாயைத் தொட்ட என் பிள்ளைகளின் கதி என்ன?

ஆக, எலிமென்டின் மேலுறை வெடித்து, உள்ளே அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூளில் ஈரம் இறங்கியிருக்கிறது. ஏன் வெடித்தது? தண்ணீர் இல்லாமல் எரிந்திருக்க வேண்டும் என்றார் சித்தப்பா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்ததை என் கண்ணால் பார்த்தேனே!

அவர் இருக்கைக்குக் கீழே பைபாஸ் வால்வைக் காட்டினார். அது இப்போது சரியான நிலையில்தான் இருந்தது. அப்போதுதான் என் மகளுக்கு நினைவு வந்தது. ஈஸ்டர் அன்று தம்பிக்காகச் சாக்லேட் முட்டைகளை அந்த இருக்கைக்குக் கீழே ஒளித்து வைத்து, ஒளித்த இடம் மறக்காமலிருக்கப் படம் எடுத்திருந்தாள். படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். தங்கக் காகிதம் சுற்றிய முட்டைக்குப் பின்னால் வால்வின் கைப்பிடி குறுக்காக நின்றது. ஏப்ரலில் பைபாஸ் திருப்பியபடியே இருந்திருக்கிறது.

பைபாஸ் நிலையில் குளிர்ந்த நீர் தொட்டிக்குள் போகாமல் அதைச் சுற்றிக்கொண்டு நேராக வெந்நீர்க் குழாய்க்கே போய்விடும். குழாயில் தாராளமாகத் தண்ணீர் வரும், தொட்டி காலியாகக் கிடக்கும். வெறும் தொட்டியில் எலிமென்ட் பழுத்து மேலுறை வெடித்திருக்கிறது, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பக் காப்பு சுவிட்ச் விழுந்திருக்கிறது. ஆகவேதான் அன்று தண்ணீர் சுடவில்லை. தவறு என்னுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மே மாதத்தில் அந்த வால்வை நேராக்கித் தொட்டியை நிரப்பியவர்கள் பட்டறைக்காரர்கள். கேரவன் அவர்கள் கையில் இருந்தபோதுதான் அது மாறியிருக்கிறது. தொட்டி காலியாக இருந்தது தெரிந்தும் எலிமென்டை முழுதாகச் சோதிக்கவில்லை, என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

நிறைந்திருக்கிறதா என்று அறிய நம்பகமான வழி ஒன்று உண்டு. தொட்டியின் அழுத்த விடுப்பு வால்வின் நெம்புகோலை மெல்ல உயர்த்துங்கள். அங்கிருந்து தண்ணீர் வந்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. சூடான தொட்டியில் இதைச் செய்யாதீர்கள், கை வெந்துவிடும். இன்னோர் அடையாளம், காலித் தொட்டி நிரம்பும்போது வெந்நீர்க் குழாய் சிறிது நேரம் காற்றைத் துப்பும், இருமும். வடித்த தொட்டிக்குப் பிறகு முதல் நொடியிலேயே சீராகத் தண்ணீர் வந்தால் உடனே பைபாஸைப் பாருங்கள்.

எலிமென்ட் வாங்கப் போனது தனி அலைச்சல். முதல் கடையில் கீசர் எலிமென்ட் என்று கேட்டதும் வீட்டுக் கீசருக்கான மூன்று கிலோவாட்டைக் கையில் திணித்தார்கள். மரை பொருந்தும் என்றார்கள், பொருந்தத்தான் செய்யும். ஆனால் அது பதின்மூன்று ஆம்பியர் இழுக்கும். முகாமில் நமக்குக் கிடைப்பது பதினாறு. கூடவே மின்கெண்டியைப் போட்டால் கம்பத்து பிரேக்கர் விழுந்துவிடும், கீசருக்குப் போகும் மெல்லிய ஒயரும் தாங்காது. நீளமும் தொட்டியைவிட அதிகம். வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். திருப்பிக் கொடுக்கப் போனால், உறை பிரித்த மின்பொருளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பழைய எலிமென்டைக் கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். நான் இரண்டாவது முறை அப்படித்தான் போனேன், பழைய கிரே ஸ்ட்ரீட்டுக்கு, இப்போதைய பெயர் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட். அங்கே ஒரு பெரியவர் என் எலிமென்டின் நீளத்தையும் மரையின் விட்டத்தையும் அளந்து, வாட்டையும் படித்து, உள்ளே போய்ப் பத்து நிமிடம் துழாவி, அச்சு அசலாக ஒன்றைக் கொண்டுவந்தார். புதிய வாஷரையும் கேட்காமலே வைத்தார்.

பழையதைக் கழற்றுவதுதான் உடல் உழைப்பு. கடற்காற்றில் மரை இறுகிப்போயிருந்தது. துரு நீக்கும் எண்ணெயை முந்தின இரவே ஊற்றிவைத்து, காலையில் பெரிய ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தோம். ஒரேயடியாகத் திருகினால் தொட்டியின் மரையே போய்விடும். வெளியே வந்த எலிமென்டில் விரலளவு நீளத்துக்குக் கருகிய பிளவு. கூடவே, தொட்டிக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் ஆனோடைப் பார்த்தால் மெக்னீசியம் முழுதும் கரைந்து வெறும் கம்பி நின்றது. அதையும் மாற்றினோம். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான்.

புதியதைப் பொருத்தி, பைபாஸைச் சரிபார்த்து, குழாய் இருமி முடித்து, நெம்புகோலை உயர்த்தித் தண்ணீரைப் பார்த்து, 500 வோல்ட்டில் மறுபடி அளந்து, சுவிட்சைப் போட்டேன். எர்த் லீக்கேஜ் விழவில்லை. இருபது நிமிடம் ஆயிற்று. தண்ணீர் குளிர்ந்தே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தப்பா மறுபடியும் எல்லாவற்றையும் அணைத்து மூடியைத் திறந்து, தெர்மோஸ்டாட்டில் இருந்த வெப்பக் காப்பு சுவிட்சின் சிறு சிவப்புப் பொத்தானை அழுத்தினார். டிக் என்றது. வேலை செய்கிறபோது அது விழுந்திருக்கிறது. மூடி, மறுபடி போட்டதும் கிளாம்ப் மீட்டரில் 4.3 ஆம்பியர். அரை மணி கழித்துக் குழாயில் ஆவி பறந்தது. முதல் வாளி அம்மாவுக்கு.

பட்டறைக்காரரை நான் விடவில்லை. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 67-ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும்போது கழற்றிய பாகத்தை, வேண்டாம் என்று நாம் சொல்லாத வரை, நம்மிடம் திருப்பித் தர வேண்டும். மாற்றியதாகச் சொன்ன பழைய தெர்மோஸ்டாட் எங்கே என்று எழுதிக் கேட்டேன். தரமான சேவை நம் உரிமை என்னும் 54-ஆம் பிரிவையும், மகள் எடுத்த படத்தையும், வெடித்த எலிமென்டின் படத்தையும் இணைத்தேன். என் தவறையும் மறைக்காமல் எழுதினேன். ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்கள். பழைய பாகம் அவர்களிடம் இல்லை. மே மாதத்துக் கூலி 800 ராண்டும், பார்ப்பதற்கு வாங்கிய 650 ராண்டும் என் கணக்கில் வந்துசேர்ந்தன. அழைத்தவர் முன்மேசைக்காரரேதான். இந்த முறை என் கணவரைக் கேட்கவில்லை.