ரீஃப் டேங்கில் தானாக வந்த குட்டி உயிர்கள்: இதுவரை அடையாளம் தெரிந்தவை

அல்சூர் வீட்டு ஹாலில் இருப்பது இரண்டடி ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி. ஏறக்குறைய 75 லிட்டர் தண்ணீர், ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், பவளங்களில் கொஞ்சம் ஜோயாந்தஸும் மஷ்ரூமும். காசு கொடுத்து வாங்கிய உயிர்கள் இவ்வளவுதான். மற்றதெல்லாம் தானாக வந்தவை. நண்பர் ஒருவர் தன் பழைய டேங்கிலிருந்து கொடுத்த கைப்பிடியளவு கல்லில் தொற்றிக்கொண்டு வந்து இங்கேயே குடித்தனம் நடத்துகின்றன. பெங்களூரில் கடல் நீருக்கு வழியில்லை. ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலந்து, ஆயிரத்துக்கு 35 என்ற அளவுக்குக் கொண்டுவந்து ஊற்றும் தண்ணீரில்தான் இத்தனையும் பெருகுகின்றன.

அந்த ஒரு கல்லைத் தவிர மற்றப் பாறைகள் எல்லாம் செராமிக். "ராமேஸ்வரம் பக்கம் போறப்ப ஒரு கல்லு எடுத்துட்டு வாங்களேன்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பவளப்பாறை கட்டும் பவள வகைகள் அனைத்தும் 2001லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்து 1986ல் கடல் தேசியப் பூங்கா ஆக்கியதும் அவற்றைக் காப்பாற்றத்தான்.

சரி, கருவிகள். நகை செய்பவர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய யுஎஸ்பி மைக்ராஸ்கோப், ஒரு இங்க் ஃபில்லர், வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று, கறுப்புக் கிண்ணம் ஒன்று. உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும் உயிர்கள் கறுப்பில்தான் தெரியும். கிண்ணத்தில் டேங்க் தண்ணீரையே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் பட்டால் உடனே செத்துவிடும். ராத்திரி லைட் அணைந்து ஒரு மணி நேரம் போன பிறகு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பார்க்கிறேன். வெள்ளை வெளிச்சம் பட்டால் ஓடி ஒளிபவை சிவப்புக்கு அவ்வளவாக அசைவதில்லை.

முதலில் வந்தவை வெள்ளைச் சுருள்கள். கண்ணாடியிலும் பம்ப் மேலும் கடுகளவு கடுகளவாக ஒட்டியிருந்தன. கடையில் படத்தைக் காட்டியபோது, "நத்தைங்க மேடம், பவளத்தைக் கெடுத்துடும், சுரண்டி எடுத்துடுங்க" என்றார்கள். குழாய்க்குள் வாழும் வெர்மெடிட் நத்தை என்றால் அவர்கள் சொன்னது சரி. அது சளியை வலை மாதிரித் தண்ணீரில் விட்டு, அதில் ஒட்டும் துகள்களோடு திரும்ப இழுத்துத் தின்னும். அந்தச் சளி பட்டால் பக்கத்திலிருக்கும் பவளம் சுருங்கிவிடும். ஆனால் லென்ஸை வைத்துக் காத்திருந்தபோது சளி எதுவும் வரவில்லை. சுருளின் வாயிலிருந்து சிவந்த இழைகள் மெல்ல மெல்ல விரிந்தன. ஒவ்வொரு இழையிலும் இரண்டு பக்கமும் இன்னும் நுணுக்கமான இழைகள். நடுவில் ஒரு சின்ன மூடி. கண்ணாடியை நகத்தால் தொட்டதுமே அத்தனையும் ஒரே இழுப்பில் உள்ளே போய், மூடி வாயை அடைத்துக்கொண்டது. ஸ்பைரார்பிஸ் வகைப் புழு. தண்ணீரில் மிதக்கும் துகள்களை வடிகட்டித் தின்னும், யாருக்கும் தொந்தரவில்லை. இந்தக் குடும்பத்தில் சில வகைகள் அந்த மூடிக்குள்ளேயே முட்டைகளை வைத்துப் பொரிக்கின்றன என்று படித்ததிலிருந்து மூடிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒன்றைக்கூடச் சுரண்டவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. உருவத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதில்லை. எப்படித் தின்கிறது, எப்படி நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்ற பேச்சு.

அடுத்து, இறால், நண்டு இனத்துக் குட்டி உயிர்கள். கண்ணாடியில் விட்டு விட்டுத் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள் கோபிபாட். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மைக்ராஸ்கோப்பில் நெற்றி நடுவே ஒற்றைக் கண் தெரியும். பெண்ணாக இருந்தால் முட்டைப் பையும், அதற்குள் உருண்டை உருண்டையாக முட்டைகளும் தெரியும். மாண்டரின் மீன் நாள் முழுக்க இவற்றைப் பொறுக்கித் தின்றே வாழ்வது. இந்த அளவு டேங்கில் அதற்குப் பத்தாது, அதனால் வாங்கவில்லை. கல்லுக்கடியில் வளைந்து வளைந்து ஓடுபவை ஆம்பிபாட். உடம்பு பக்கவாட்டில் தட்டை, கிண்ணத்தில் விட்டால் ஒருக்களித்துப் படுத்துவிடும். மேலிருந்து கீழாகத் தட்டையாக இருந்தால் அது ஐசோபாட். அதிலும் பெரிய கண்களோடு வேகமாக நீந்துவது என்றால் கவனம் தேவை, மீன் மேல் ஒட்டி ரத்தம் குடிக்கும் வகைகள் உண்டு. என் டேங்கில் இதுவரை அப்படி எதுவும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்ததை மகள்தான் கண்டுபிடித்தாள். "அம்மா, இங்க வந்து பாரு, இது நீந்தல, நடக்குது!" குட்டி நட்சத்திரம் மாதிரி, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். கண்ணாடி மேல் கை மாற்றிக் கை வைத்து நகர்ந்துகொண்டிருந்தது. அது நட்சத்திர மீன் இல்லை, ஜெல்லி மீன்! ஸ்டாரோகிளாடியா வகை. ஒவ்வொரு கையும் நுனியில் இரண்டாகப் பிரிகிறது. கீழ்க்கிளையின் முனையில் ஒட்டிக்கொள்ளும் திட்டு. அதை ஊன்றித்தான் நடக்கிறது. மேல்கிளையில் கொட்டும் செல்கள். அன்றே ஒரு கோபிபாட் அந்த மேல்கிளையில் பட்டு நின்றுபோனதையும், கை வளைந்து அதை நடுவிலிருக்கும் வாய்க்குக் கொண்டுபோனதையும் இரண்டு பேரும் பார்த்தோம். மீன்களை இது ஒன்றும் செய்யாது. ரொம்பப் பெருகினால் கோபிபாட் குறையலாம். அதனால் கண்ணாடியில் தென்படுபவற்றை மட்டும் கவனித்து வருகிறேன்.

அஸ்டரினா என்ற குட்டி நட்சத்திர மீன்களும் உண்டு. உடம்பைப் பிய்த்துப் பிய்த்துப் பெருகுவதால் கைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. பெரும்பாலும் பாசிதான் சாப்பாடு. ஃபில்டருக்குள் இருட்டில் வெள்ளையாக நிற்கும், தலையில் முடிக்கற்றை வைத்த சைகான் கடற்பஞ்சு வளர்ந்திருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

விடக்கூடாதது ஒன்றுதான் வந்திருக்கிறது. துரு நிறத்தில், சில மில்லிமீட்டர் நீளத்தில், பின்பக்கம் மூன்றாகப் பிரிந்த வாலோடு, நீரோட்டம் குறைவாக வெளிச்சம் நன்றாக விழும் இடங்களில் படியும் தட்டைப் புழு. கான்வொலூட்ரிலோபா. உடம்புக்குள் பாசியை வைத்துக்கொண்டு வெளிச்சத்திலேயே பிழைப்பதால் பவளத்தின் மேல் போர்வையாக மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும். மருந்து ஊற்றி ஒரேயடியாகக் கொன்றால் அவை சாகும்போது வெளிவிடும் நஞ்சில் மீன்கள் போய்விடும். அதனால் முதலில் சைஃபன். மெல்லிய ஏர் ட்யூபை அவற்றின் மேல் பிடித்து, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் உறிஞ்சி எடுக்கிறேன். மஷ்ரூம் பக்கம் பவர்ஹெட்டை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பி வைத்ததில் அங்கே குறைந்திருக்கிறது. மணல் ஓரத்தில் இன்னும் இருக்கின்றன. அவை நன்றாகக் குறைந்த பிறகு, நஞ்சை உறிஞ்ச ஆக்டிவேட்டட் கார்பனையும், மாற்றுவதற்கு உப்புத் தண்ணீரையும் தயாராக வைத்துக்கொண்டுதான் மருந்து. அதற்கு முன் அந்த நடக்கும் ஜெல்லி மீன்களில் சிலவற்றைப் பிடித்துத் தனி ஜாடிக்கு மாற்ற வேண்டும். மருந்து அவற்றையும் விட்டுவைக்குமா என்று சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.