சர்வே எண்ணில் சிக்கிய தீர்ப்பு

பட்டா பெயர் மாற்றத்துக்குப் போனால் தாலுகா ஆபீஸில் ஒரே கேள்வி: "உங்க தாத்தா ஜெயிச்ச ஹைகோர்ட் தீர்ப்பு எங்கே?" வீட்டில் இருந்தது கரையான் அரித்த பாதித் தாள். வழக்கு எண் போன இடம் தெரியவில்லை. இரண்டாம் மேல்முறையீடு, 1999 என்பது மட்டும் மிச்சம்.

எல்லாம்தான் ஆன்லைனில் வந்துவிட்டதே என்று நீதிமன்றத் தளத்தைத் திறந்து கணினி முன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அது கையில் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாதவனுக்குக் கட்சிக்காரர் பெயரும் ஆண்டும்தான் கதி. தாத்தா பெயர் சண்முகம். ஆங்கிலத்தில் அது 'எஸ் ஹெச் ஏ'வா, வெறும் 'எஸ் ஏ'வா? இனிஷியல் முன்னாலா பின்னாலா? ஒவ்வொரு தடவையும் கோணல்மாணலான கேப்சா எழுத்துகள் வேறு. இரண்டு ராத்திரி போனது, ஒன்றும் சிக்கவில்லை.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தூத்துக்குடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போனேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். ஹைகோர்ட் எதிரே டீக்கடையில் ஒரு வக்கீல் குமாஸ்தா சிரித்தார். "1999இல் இங்கே போட்டிருப்பாங்க. 2004இல் மதுரைக் கிளை வந்ததும் தென்மாவட்ட கேஸ் எல்லாம் அங்கே போயிடுச்சே சார்!" நான் தளத்தில் தேடியதும் சென்னை அமர்வை மட்டும்தான். உங்கள் வழக்கு பழையது என்றால் இரண்டு அமர்விலும் தேடுங்கள். எந்த அமர்வு என்று கண்டுபிடிக்கத் தீர்ப்பு வந்த ஆண்டைத்தான் பார்க்க வேண்டும், வழக்குப் போட்ட ஆண்டை நம்பாதீர்கள்.

திரும்பி வரும் ரயிலில்தான் புத்தி வந்தது. பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதுவார்கள், சர்வே எண்ணை அப்படி எழுத முடியாதே! இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் (சுஷாந்த் சின்ஹா 2008இல் தொடங்கியது, இலவசம்) தீர்ப்பின் முழு வாசகத்திலும் தேடலாம். ஊர்ப் பெயரோடு சர்வே எண்ணையும் போட்டேன். மூன்றாவதாக வந்து நின்றது தாத்தாவின் வழக்கு! தீர்ப்பு 2006இல், மதுரையில். பெயர் 'எஸ் ஹெச் யு' என்று தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள்.

ஒன்று, சர்வே எண்ணின் உட்பிரிவை விட்டுவிட்டும் ஒருமுறை தேடுங்கள். கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் தீர்ப்புக்குத் தீர்ப்பு மாறும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கு ஜம்பமாகப் போனேன். "இது நெட்ல எடுத்தது சார். சர்டிஃபைடு காப்பி கொண்டாங்க." அவர் சொன்னது சட்டப்படி சரிதான், ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வழக்கு எண்ணும் தேதியும் கிடைத்துவிட்டதால் மதுரையில் நகல் மனு போட்டு வாங்குவது சுலபமாகவே முடிந்தது. போடும்போது தீர்ப்போடு டிக்ரியையும் (தீர்ப்பின்படி எழுதப்படும் ஆணை) சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் தனித்தனிக் காகிதம், நான் ஒன்றை மறந்து இன்னொரு நடை நடந்தேன்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 2023 முதல் அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் தேடலாம், பலவற்றைத் தமிழிலேயே படிக்கலாம். தாத்தா அவ்வளவு தூரம் போகவில்லை.

மனு இப்போது சர்வேயர் மேசையில் இருக்கிறது.