பட்டிங் மட்டும் போதாது மச்சான்

துபாயில் கோல்ஃப் ஆடும் நம்ம ஆட்கள் பலரும் பட்டிங்கை, அதாவது குழிக்குப் பக்கத்தில் பந்தை மெல்லத் தட்டி உருட்டி உள்ளே விடுவதைச் சரிசெய்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளை அலசிச் சொன்னது இது: நல்ல ஆட்டக்காரருக்கும் சுமாரானவருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குழியிலிருந்து 100 கெஜத்துக்கு அப்பால் நின்று அடிப்பதில்தான் வருகிறது.

அந்தத் தூர அடியைப் பழகத்தான், லீவில் கீழக்கரை வந்தால் கடற்கரை ஈரமணலில் கோடு கிழித்து, பந்து இல்லாமலே 7 அயர்ன் என்ற இரும்புத்தலை மட்டையை வீசிப் பார்ப்பேன். கோட்டின் மேல் பந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேர்ந்த கை என்றால் பந்தைத் தொட்ட பிறகுதான் மட்டை மண்ணைத் தொடும். மணல் பெயர்ந்த தடம் கோட்டிலிருந்து இலக்குப் பக்கமாக ஓடும். பழகாத கை இரண்டு விரற்கடை பின்னாலேயே தோண்டிவிடும், பந்து போகவேண்டிய தூரம் போகாது. எத்தனை தடவை வீசினாலும் தடம் ஒரே இடத்தில் விழணும், அதுதான் பெரிய வேலை.

ஊரில் இருப்பவர்கள் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வாங்க, மட்டை இரண்டு இருக்கு.