சரக்கொன்றை வைக்கப் போறவங்களுக்கு

விதையை அப்படியே ஊன்றினா லேசில் முளைக்காது. தோல் கெட்டி, தண்ணி உள்ளே இறங்காது. கண் இருக்கிற முனையை விட்டு, மறுபக்கத்தை உப்புத்தாளில் உள்வெண்மை தெரியும்வரை தேய்ச்சு, ராத்திரி ஊறப்போடுங்க. உப்பின விதையை மட்டும் அரை அங்குல ஆழத்தில் போடுங்க. உப்பாததைத் திரும்பத் தேய்க்கணும்.

காரைக்குடிப் பக்கம் செம்புறாங்கல் பூமி, அதாவது அடியில கெட்டியான சிவப்புக் கல். 2 அடிக் குழியோட நிறுத்தாம, அடியில இருக்கிற கல்லைக் கடப்பாரையால உடைச்சு விடுங்க. இல்லேன்னா ஐப்பசி மழைத்தண்ணி தேங்கி வேர் அழுகிடும். நான் பார்த்தவரை கன்று சாகிறது வெயிலால இல்லை, இதனாலதான்.

இலையில மஞ்சள்பச்சைப் புழு வந்தா கையால எடுத்தாப் போதும், வண்ணத்துப்பூச்சியாகப் போறது அது. மருந்தெல்லாம் எதுக்கு?

மாசி, பங்குனியில வளர்ந்த மரம் மொட்டையா நிக்கும். பட்டையை நகத்தால கீறுங்க. பச்சை தெரிஞ்சா உயிரோடதான் இருக்கு. பதறிக் குடம் குடமா ஊத்தாதீங்க. பூவோட வர்ற செப்பு நிறத் தளிரும் அழகுதான். கவாத்து, அதாவது கிளை வெட்டி விடுறது, பூ முடிஞ்ச பிறகு.